பணமும் ஒரு காலத்தில் சில்லறைதான்

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்துக் குவிண்டாலுக்கு இத்தனை ஆயிரம் என விலை கூறப்படும் இடத்தில் பைசாவுக்கு வேலை கிடையாது. ஆனால் பூச்சி அரித்த கிழங்கைக் கையில் அள்ளிப் பார்க்கும் பெரியவர் ஒருவர், “இது எட்டணாவுக்குப் பெறாது” என்று தள்ளினால் சுற்றி நிற்பவர்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அணா சட்டப்படி ஒழிந்தது 1957-ல். அதைக் கண்ணால் காணாத இளைஞருக்கும் எட்டணா எவ்வளவு என்று தெரியும்; எவ்வளவு அற்பம் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

நாணயம் புழக்கத்திலிருந்து போகும் நாளை அரசு குறித்துச் சொல்கிறது. அதன் பெயர் பேச்சிலிருந்து போகும் நாளை யாரும் அறிவிப்பதில்லை. எந்தப் பெயர் தங்கியது, எது மறைந்தது, தங்கியது எந்தப் பொருளில் தங்கியது என்று தேடினால், தமிழர் கையில் எந்தக் காசு புழங்கியது, எது பெட்டிக்குள்ளேயே கிடந்தது என்ற சமூக வரலாறும் கூடவே வந்துவிடுகிறது.

சேலம், ராசிபுரம், நாமக்கல் வட்டாரம் இந்தத் தேடலுக்கு வளமான நிலம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீடு ஆட்சியராக வந்தார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ அப்போது அவருடைய உதவியாளர்களில் ஒருவர். ஆள் மாறியது, ஆனால் குடியானவன் மடியில் இருந்த காசு மாறிவிடவில்லை. மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த கடுகளவுத் தங்கப் பணம், திப்புவின் யானை பொறித்த செப்புக் காசு, வெவ்வேறு ஊர் அச்சுச்சாலைகளில் அடித்த பொன் வராகன்கள் எல்லாம் ஒரே காலத்தில் கை மாறிக்கொண்டிருந்தன. எந்தக் காசு எத்தனைக்குப் போகும் என்று சொல்லச் சராப்பு ஒருவர் வேண்டியிருந்தது. மாற்றும்போது அவர் பிடித்துக்கொள்ளும் தள்ளுபடிக்கு ‘வட்டம்’ என்று பெயர். இன்று வங்கி பிடிக்கும் கழிவுக்கு இந்தச் சொல் பொருத்தமாகவே இருக்கும், யாரும் பயன்படுத்துவதில்லை.

திப்பு தன் செப்புக் காசுகளுக்கு வானத்திலிருந்து பெயர் எடுத்துச் சூட்டினார். பைசாவுக்கு ‘ஜொஹ்ரா’, அதாவது வெள்ளிக் கோள். அரைப் பைசாவுக்கு ‘பஹ்ராம்’, செவ்வாய். அதில் பாதிக்கு ‘அக்தர்’, விண்மீன். அதிலும் பாதிக்கு ‘குத்ப்’, துருவ நட்சத்திரம். கவித்துவமான வரிசைதான். அதில் ஒன்றுகூடத் தமிழ்ப் பேச்சில் ஒட்டவில்லை. மேலிருந்து சூட்டப்படும் பெயர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கதிதான். மக்கள் வேறு கணக்கில் பெயர் வைப்பவர்கள்.

அந்தக் கணக்கு திண்ணைப் பள்ளியில் எண்சுவடியாக மனப்பாடம் செய்யப்பட்ட கீழ்வாய் இலக்கம். முந்திரி என்றால் 320-ல் ஒன்று. காணி 80-ல் ஒன்று. மா 20-ல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்த மாகாணி 16-ல் ஒன்று. அதற்கே வீசம் என்றும் பெயர். பிறகு அரைக்கால், கால், அரை, முக்கால். இந்தப் பின்னங்கள் நிலத்துக்கும் நெல்லுக்கும் காசுக்கும் பொதுவாகப் புழங்கின. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கொடுத்துவைத்த முதலில் ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி என்று வரும். நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று நாம் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அந்தக் காசில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு ‘அக்கம்’ என்று பெயர். பன்னிரண்டு, பாதி பாதியாகப் போகும் கீழ்வாய் வரிசைக்குள் அடங்காத எண். அக்கம் மறைந்துபோனதற்கு இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிற்காலத்தில் இதே பன்னிரண்டு இன்னொரு காசையும் தனிமைப்படுத்தியது.

சென்னையில் கம்பெனி நடத்திய கணக்கு இப்படி: ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக வராகனுக்கு 3,360 காசு. வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்கு இது தலைவலி. எண்சுவடி படித்த கணக்கப்பிள்ளைக்குப் பிரச்சினையே இல்லை: பணத்தில் காணி ஒரு காசு, பணத்தில் மா நாலு காசு. கம்பெனி இந்தக் காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்துக் கப்பலேற்றியது. 1809 ஜனவரியில் ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் அப்படிப்பட்ட பத்துக்காசு, இருபதுகாசுச் செப்பு நாணயங்களோடு இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அவற்றை மேலே கொண்டுவந்தார்கள். சென்னைச் சந்தையில் கீரை வாங்கப் போயிருக்க வேண்டிய காசு, இன்று உலகெங்கும் நாணயச் சேகரிப்பாளர்களின் பெட்டியில் கிடக்கிறது.

இந்தக் ‘காசு’ என்ற சொல்லின் பயணம் தனிக்கதை. சோழர் காலத்தில் அது பொன் நாணயம். கோயிலுக்கு முதலாக வைக்கும் தகுதி அதற்கு இருந்தது. ஆயிரம் ஆண்டில் படிப்படியாக இறங்கி, பணத்தில் எண்பதில் ஒரு பங்கான செம்பாகிவிட்டது. போர்த்துகீசியர் வாய்வழியே கீழைக்கடல் எங்கும் பரவி, ஓட்டை போட்ட சீனக் காசுக்குக்கூட ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்ற பெயரைத் தந்தது. ரொக்கம் என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் கேஷ் வேறு வேரிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே ஒலியில் வந்து நிற்பது தற்செயல்.

காசு தாழ்ந்ததற்குப் பழமொழிகளே சாட்சி. அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது; கால்காசு உத்தியோகம் ஆனாலும் கவர்ன்மென்ட் உத்தியோகம். இரண்டிலும் காசு அடிமட்ட அளவாகத்தான் நிற்கிறது.

புதுக்கோட்டையில் மட்டும் அந்த அடிமட்டத்துக்குத் தெய்வத்தன்மை சேர்ந்தது. அந்தச் சமஸ்தானத்தின் அம்மன் காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்று பொறித்த சின்னஞ்சிறு செப்புக் காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகக் கொடுப்பார்கள். ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசு; ரூபாய்க்கு 320. அதாவது ரூபாயில் சரியாக ஒரு முந்திரி. ஆங்கிலேய ரூபாயின் கீழேயே எண்சுவடியின் கடைசிப் படியை ஒரு சிறிய அரசு காசாக அடித்து வைத்திருந்தது. அம்பாளுக்கு ‘அரைக்காசு அம்மன்’ என்ற பெயர் வந்து, தொலைந்த பொருள் கிடைக்க இன்றும் அவளை வேண்டிக்கொள்கிறார்கள்.

1818-ல் சென்னை மாகாணம் வராகனை விட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறியது. நூறு நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம். 1835-ல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது: 180 கிரெய்ன் எடை, 16 அணா, அணாவுக்கு 12 பை. புதிய முறை எவ்வளவு வேகமாகத் தமிழில் கலந்தது என்பதைப் பெயர்களே காட்டுகின்றன. ரூபாயில் மாகாணி ஓரணா. அரைக்கால் ரூபாய் இரண்டணா. கால் ரூபாய் நாலணா. அணாவையே மீண்டும் பிளந்தால் அரையணா, காலணா. எல்லாம் கீழ்வாய் இலக்கத்தின் அச்சில் வார்த்தவை. அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான ‘பை’ மட்டும் இந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்றது. பன்னிரண்டில் ஒன்றுக்கு எண்சுவடியில் இடம் ஏது? அதனால்தான் அதற்கு ‘தம்பிடி’ என்று பின்னத்தோடு சம்பந்தமில்லாத தனிப்பெயர் தேவைப்பட்டது.

காலணாவின் பொற்காலம் நீண்டது. 1879-ல் இந்தியாவில் முதன்முதலாக வந்த அஞ்சலட்டையின் விலை காலணா. 1930-களில் ‘சுதந்திரச் சங்கு’, டி.எஸ். சொக்கலிங்கத்தின் ‘காந்தி’ போன்ற பத்திரிகைகள் காலணா விலையில் வந்து ‘காலணாப் பத்திரிகை’ என்ற வகையையே உண்டாக்கின. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் என்ற வழக்கும் அந்தக் காசின் வட்டத்திலிருந்து வந்தது. பிறகு இரண்டாம் உலகப் போரில் செம்பு தோட்டாவுக்குப் போனது. 1943-ல் அரசு நடுவில் பெரிய துளை போட்ட காலணாவை வெளியிட்டது. பழைய காலணாவின் எடையில் பாதிகூட அதற்கு இல்லை. மக்கள் ‘ஓட்டைக் காலணா’ என்றார்கள். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்தார்கள், பட்டறையில் வாசராக மாட்டினார்கள். அதே ஆண்டுகளில் ரூபாயின் வெள்ளியும் கரைந்தது: 1940-ல் பாதி வெள்ளி, 1947-ல் வெறும் நிக்கல். சுண்டிப் பார்த்து ஓசை கேட்டு ரூபாய் வாங்கிய தலைமுறைக்கு அந்த ஓசை அத்துடன் நின்றது.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறாகப் பிளந்தது. பழைய பைசா 64-ல் ஒன்றாக இருந்ததால், குழப்பம் தவிர்க்க நூறில் ஒன்றை ‘நயா பைசா’, புதிய பைசா, என்றார்கள். ரூபாயின் நூறில் ஒரு பங்கு என்று காசிலேயே இந்தியில் பொறித்திருந்தது. ஓரணா ஆறேகால் நயா பைசா. ஆறேகாலைக் காசாகக் கொடுக்க முடியாதே! ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை வந்தது. நாலு முறை தனித்தனியாக ஓரணாவுக்கு வாங்கினால் 24, ஒரேயடியாக நாலணாவுக்கு வாங்கினால் 25. யாருக்கு லாபம் என்பதைக் கடைக்காரரும் கிழவிகளும் அட்டவணை போட்டவர்களைவிட வேகமாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

இங்கேதான் பெயர்கள் பிரிந்து போகின்றன. 25 பைசா உடனே நாலணா ஆனது, 50 பைசா எட்டணா ஆனது. 75 முக்கால் ரூபாய். கோயில் முடிச்சில் ஒன்றேகால் ரூபாய் அப்படியே நின்றது. ஆனால் 10 பைசாவை யாரும் அணாவில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அது ஒன்றரை அணாவைத் தாண்டி ஒரு பின்னத்தில் தொங்கும். 1968-ல் வந்த மஞ்சள் நிற 20 பைசாவும் அப்படித்தான். அதில் பொறித்திருந்த தாமரைக்காக லட்சுமி பூஜைக்கென்று அதைச் சேர்த்துவைத்தார்கள். இருந்தும் அணாப் பெயர் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. பழக்கத்தினால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பழக்கம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் எல்லாக் காசுக்கும் ஏதோ ஒரு பழைய பெயர் வந்திருக்கும். கால், அரை, முக்கால் என்று பிளக்கும் இடத்தில் மட்டுமே பழைய பெயர் பிடித்து நின்றது.

‘நயா பைசா’வின் ஆயுள் இன்னும் விசித்திரமானது. 1964 ஜூன் 1 அன்று ‘நயா’ நீக்கப்பட்டது. சட்டத்தில் அது வாழ்ந்தது ஏழே ஆண்டுகள். ‘நயா பைசா தர மாட்டேன்’ என்ற பேச்சு அறுபது ஆண்டுகளாக வாழ்கிறது.

தராமல் போவதற்கு மட்டுமே பயன்படும் காசுகள் என்று ஒரு வகையே தமிழில் உண்டு. சல்லிக்காசு இல்லை, தம்பிடி பேராது, செப்புக்காசுக்கு வழியில்லை, நயா பைசா கிடையாது. இவற்றை உடன்பாட்டில் சொல்லிப் பாருங்கள்: ‘கையில் ஒரு தம்பிடி இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு காலத்திலும் ஆகச் சிறிய காசு எதுவோ, அது செத்தபின் இந்த வரிசையில் வந்து சேர்கிறது. தம்பிடி ஒரு ரூபாயில் 192-ல் ஒரு பங்கு என்பது இன்று பேசுபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இல்லாமையைச் சொல்ல அது போதும். ஆங்கிலத்திலும் ஃபார்த்திங் என்ற கால் பென்னிக்கு இதே வேலை கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வகை இன்னும் சுவாரசியம். பொதுவாகச் செல்வத்தைக் குறிக்கத் தமிழர் சொல்லும் பேச்சுச் சொற்களை எடுத்துக்கொள்வோம்: பணம், காசு, துட்டு, சல்லி, கொஞ்சம் கேலியாக டப்பு. கம்பெனி காலத்துக் கணக்கில் இவற்றில் ஒன்றுகூடப் பெரிய நாணயத்தின் பெயர் அல்ல. பணம் என்பது வராகனில் 42-ல் ஒரு பங்கு. காசு அதிலும் எண்பதில் ஒன்று. துட்டு ஒரு செப்புக் காசு. டச்சுக் கம்பெனியின் ‘டொயிட்’ காசிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள், கன்னட, தெலுங்கு வழி வந்தது என்பாரும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்த செப்புக் காசுக்கு ‘டூடூ’ என்றே பெயர். டப்பும் செம்புதான். சல்லி இவை எல்லாவற்றிலும் ஏழை. மாட்டின் கொம்பில் கட்டிய சல்லிக்காசால்தான் ஜல்லிக்கட்டு என்ற பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

இது தமிழோடு நிற்கவில்லை. கன்னடத்தில் பணத்துக்கு துட்டு, தெலுங்கில் டப்பு, சிங்களத்தில் சல்லி, இந்தியில் பைசா. இலங்கைத் தமிழரும் ‘சல்லி இருக்கா?’ என்றுதான் கேட்பார்கள், அங்கே அது இழிவே இல்லை. நாட்டுக்கு நாடு காசு வேறு, விதி ஒன்று. வரி கட்டும் வராகனும் ரூபாயும் மிராசுதார், மண்டிக்காரர், கச்சேரி இவர்களுக்கு இடையே ஓடின. களை பறித்தவளுக்கும் மஞ்சள் வேகவைத்தவனுக்கும் கூலி கிடைத்தது தானியமாகவும் செம்பாகவும். பேச்சுமொழியில் பெரும்பான்மை அவர்கள். அவர்கள் கையில் புழங்கியதுதான் ‘பணம்’ என்ற பொதுப்பொருளுக்கு உயர்ந்தது. கடலுக்கு அப்பால் ஒரு விலக்கும் உண்டு: மலாயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர் டாலரை ‘வெள்ளி’ என்றார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் அதுதான். அங்கே கூலி வெள்ளி நாணயத்தில் எண்ணப்பட்டது என்பதை நினைத்தால் இதுவும் முழு விலக்கு அல்ல.

அப்படியானால் பெரிய காசுகள் எங்கே போயின? தராசுக்கு. சித்த வைத்திய நூல்களில் சூரணம் வராகனெடையில் வரும். பழைய அளவையில் பத்து வராகனெடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. வெள்ளி ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா என்பதால், மூன்று ரூபாய் எடையும் அதே ஒரு பலம். பெட்டியில் பூட்டி வைத்த நாணயம் எடைக்கல்லாகப் பயன்பட்டதில் ஆச்சரியமில்லை. அதன் மதிப்பே அதன் எடைதானே. இங்கிலாந்தின் தங்க சவரன் இந்தியாவில் செலாவணியாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. ஆனால் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி இன்றும் ‘எத்தனை பவுன்?’ அந்த நாணயம் 8 கிராமுக்குச் சற்றே குறைவு. நகைக்கடை அதை முழு எட்டாக்கிவிட்டது. ஓர் ஆங்கிலேய நாணயத்தின் பெயரைத் தமிழ் நாளிதழ்கள் தினமும் அச்சிடுகின்றன, அதை யாரும் நாணயம் என்று நினைப்பதில்லை.

இங்கிலாந்து 1971 பிப்ரவரி 15 அன்று தசம முறைக்கு மாறியபோது ஷில்லிங்கின் செல்லப்பெயரான ‘பாப்’, ஆறு பென்னியின் ‘டேனர்’ இரண்டும் பெரும்பாலும் ஒரு தலைமுறையோடு ஒதுங்கின. புதிய ஐந்து பென்னியை பாப் என்று அழைக்கும் வழக்கம் நிலைக்கவில்லை. நாலணாவும் எட்டணாவும் அப்படி ஒதுங்காததற்கு, அவை செல்லப்பெயர்களாக இல்லாமல் பின்னங்களாக இருந்ததே முக்கியக் காரணம் என்று தோன்றுகிறது. இலங்கையில் ரூபாய் 1872-லேயே நூறு சதமாகப் பிரிந்துவிட்டதால் அங்கே இந்தப் போட்டிக்கே இடமில்லாமல் போயிற்று.

2011 ஜூன் 30-ஓடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும். நீட்டிப் பார்த்தால் கடைக்காரர் மிட்டாயைக் காட்டுவார். பத்து ரூபாய் நாணயத்தையே தமிழ்நாட்டில் பல ஊர்களில் வாங்க மறுத்ததால், பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்கம் தர வேண்டியிருந்தது. காசை ஏற்பதும் தள்ளுவதும் அரசின் கையில் மட்டும் இல்லை என்பது கம்பெனி காலத்துச் சராப்புக்குத் தெரிந்த பாடம்.

கையில் இல்லாத பைசா கணக்கில் மட்டும் உயிரோடு இருக்கும் இடம் ஒன்று நாமகிரிப்பேட்டையின் சொந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. நாமக்கல் மண்டலத்துக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் கொள்முதல் விலை பைசாவில்தான் ஏறும், இறங்கும். ‘முட்டை விலை 5 காசுகள் உயர்வு’ என்று செய்தி வரும். 5 பைசாவை யாரும் கையில் வாங்கப் போவதில்லை. ஒரு முட்டைக்கு 5 காசு என்றால் 30 முட்டை அடுக்கிய ஓர் அட்டைக்கு ஒன்றரை ரூபாய். லட்சம் முட்டை அனுப்பும் பண்ணைக்கு 5,000 ரூபாய்.